சுகர் ஏறுவது சோற்றால் மட்டுமில்லை

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் அதிகமாக இருக்கும். கொத்தனார், சித்தாள், புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கிறவர் என எல்லோருக்கும் வாரக்கூலி கைக்கு வரும் நாள் அது. அன்றைக்கு முழு அட்டையாக வாங்குவார்கள். செவ்வாய், புதன் வந்துவிட்டால் கதை வேறு. சீட்டில் முப்பது மாத்திரை எழுதியிருக்கும். "அஞ்சு மட்டும் குடு பாப்பா, மிச்சத்தைச் சனிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்பார்கள். காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து அஞ்சு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்போம்.

காரைக்குடியில் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுதான் என் வயது ஓடியிருக்கிறது. யார் வீட்டில் சுகர், யார் வீட்டில் பிரஷர் என்று தெரியும். சீட்டில் இல்லாத சங்கதிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துவிடும். அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

"தலை கிர்ருங்குது, நெஞ்சு படபடங்குது, கை காலெல்லாம் உளையுது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல." ஒரே ஆள் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "கேஸா இருக்கும், அதுக்கு ஒரு மாத்திரை குடுத்தா" என்று முடிப்பார். டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினால் ஈசிஜி எடுப்பார்கள், ரத்தம் பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாம இருங்க" என்று ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை. அந்தச் சீட்டோடு அவர் திரும்ப என்னிடம் வருவார்.

ஒண்ணுமில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த உடம்புக்குள் நிறைய நடந்துகொண்டிருக்கிறது.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டவுடன் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாயும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். பின்னாலேயே கார்ட்டிசால் வரும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ சக்தி வேண்டும் என்பதால், கல்லீரல் தன்னிடம் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். செரிமானம், நோய் எதிர்ப்பு போன்ற வேலைகள் பின்னுக்குப் போகும். நாய் துரத்தும்போது இதெல்லாம் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடுதான். நாய் போய்விட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். வாரா வாரம் தவணை, தினமும் ராத்திரி குடித்துவிட்டு வரும் புருஷன், எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற வீடு, இவையெல்லாம் போகாத நாய்கள். தொட்டி நிறைந்த பிறகும் நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மோட்டார் போல உடம்பு ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஓடி ஓடி உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு, புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர் 1993-இல் 'அல்லோஸ்டாட்டிக் சுமை' என்று பெயர் வைத்தார். பிரஷர், சுகர், இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் அந்தச் சுமையின் கணக்கில் வருபவை.

சமையல் கோஷ்டியோடு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். காய் நறுக்க, பாத்திரம் கழுவ, பந்தியில் இலை எடுக்க என்று முகூர்த்த நாள்களில் கை நிறைய வேலை. பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் மூன்று நாள் சம்பளம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். ஆடி பிறந்தால் வேலை நின்றுவிடும், மார்கழியிலும் அப்படித்தான். போன ஆடியில் அவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 230 காட்டியது. சித்திரையில் அது 140-இல் இருந்தது. "சோத்தக் குறைங்கன்னு டாக்டர் திட்டுறாரு பாப்பா. வேல இல்லாத மாசத்துல நான் சோறு திங்கிறதே ஒரு வேளை. இன்னும் எங்க குறைக்க?" என்றார்.

நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆனியில் மாதம் முழுக்க மாத்திரை வாங்கியிருந்தார். ஆடியில் பாதிகூட இல்லை. அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. மாத்திரைக் காசு எங்கே போனது என்று கேட்டேன்.

குழு லோனுக்குப் போயிருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. முகூர்த்த மாதத்தில் வாங்கிய கடனுக்கு ஆடியிலும் அதே வாரம், அதே தொகை. கட்ட முடியாத வாரத்தில் வசூல் பண்ண வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கூடவே குழுவில் உள்ள மற்ற பெண்களையும் கூட்டிவந்து உட்காரவைப்பார். காலையில் வந்தவர்கள் சாயங்காலம்வரை நகர மாட்டார்கள். தெருவே பார்க்கும். "அவுக போனதுக்கு அப்புறமும் நெஞ்சு அடிக்கிறது நிக்கல. வாசல்ல பைக் சத்தம் கேட்டாலே வயித்துக்குள்ள பகீர்ங்குது" என்றார் அந்த அக்கா. இப்படி மிரட்டி வசூல் பண்ணுவதற்கு எதிராக 2025-இல் தமிழக அரசு ஒரு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சட்டத்தைச் சொல்லி எழுப்பும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

ஆக, அரை வயிறு சாப்பிட்டும் அவருக்குச் சர்க்கரை ஏறியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாத்திரை குறைந்தது, தூக்கம் போனது, கல்லீரல் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கிறது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம், உடம்பு வலி என்று தினமும் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக். அது நாள்பட்டால் பிரஷரை ஏற்றும், கிட்னியைப் பாதிக்கும். எங்கள் கடையில் அதைச் சீட்டில்லாமல் தருவதில்லை. வேறு எங்கோ கிடைத்துவிடுகிறது. தூக்க மாத்திரைக்கும் இதே கதைதான். அல்பிரசோலம் எச்-1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சீட்டுக்குக் கொடுத்தாலும் தனிப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். "ஒண்ணே ஒண்ணு குடுத்தா, இன்னைக்கு ஒரு ராத்திரி தூங்கிக்கிறேன்" என்று கெஞ்சுகிற முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கஷ்டமான வேலை.

இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மாத்திரையை மறக்கிறார்கள், சொன்ன தேதிக்கு வருவதில்லை, ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் இதைப் பற்றி நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்திலும் அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் ஒரே மாதிரி அறிவுச் சோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். காசில்லாத நேரத்தில் அதே மனிதர் குறைவாகவும் மெதுவாகவும் செய்தார், காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார். ஆளும் அதே ஆள், மூளையும் அதே மூளை. பணக்கவலை தலைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றதற்கு இடம் குறைகிறது. ஆடி மாதத்தில் அந்த அக்கா மாத்திரையை மறந்தார் என்றால், அந்த மண்டைக்குள் அப்போது வேறு என்னென்ன ஓடியது என்றும் பார்க்க வேண்டும்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு கவலையைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் செட்டிநாடு என்றால் பர்மாத் தேக்குத் தூண்களையும் முட்டைப் பூச்சுச் சுவர்களையும் பார்க்க வருகிறார்கள். இந்த வீடுகளில் பெரும்பாலானவை வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். மற்ற நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கும். சம்பளம் கொஞ்சம்தான். வாடகை இல்லாமல் தலைக்கு மேல் கூரை இருப்பதுதான் அதில் பெரிய வருமானம்.

அப்படி ஒரு வீட்டில் இருக்கும் ஒரு பெண் எங்கள் கடைக்கு வருகிறார். அவருடைய மாமியாரும் அதே வீட்டில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். விற்கலாம் என்று சிலர், வேண்டாம் என்று சிலர். முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பார்த்தால் தெரியும், பிரிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் கதவுகளும் தூண்களும் பழம்பொருள் கடைகளில் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். அந்தத் தெரு வழியாகப் போகவே அவருக்குப் பிடிக்காது. "எங்க வீட்டு நெலையும் இங்க வந்து நிக்கப் போகுதுன்னு தோணும்" என்பார். அவர் 'எங்க வீடு' என்றுதான் சொல்கிறார். இரண்டு தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கிய வீடு.

தெரியாத கார் ஒன்று வாசலில் நின்று, நாலு பேர் இறங்கி டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனால், அடுத்த ஒரு வாரம் அவருக்குத் தூக்கம் கிடையாது. ஒருதடவை அப்படி ஆள்கள் வந்துபோன மறுநாள் கடையில் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். 170/105. அதற்கு முந்தைய மாதம் 136 காட்டியது. மாத்திரை ஒரு நாள்கூட விடவில்லை, உப்பும் குறைத்துத்தான் சாப்பிடுகிறார். "யாருக்கா வந்தது?" என்று கேட்டேன். "தெரியாதுத்தா. கேட்டா சொல்ல மாட்டாக. நாம கேக்கவும் முடியாது" என்றார். உடனே டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அளந்துவிட்டுப் போனவர்கள் யார் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

அவரை வதைப்பது வறுமை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தன் வாழ்க்கையின் முடிவு இன்னொருவர் கையில், அது எப்போது வரும் என்று தெரியாது, கேட்கவும் வழியில்லை. இது வெறும் என் ஊகம் இல்லை. லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கீழ்ப்படியில் வேலை பார்த்த ஆண்கள் மேற்படியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு இதய நோயால் இறந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். புகைபிடித்தல், கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் மிஞ்சியது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தன் வேலையில் தனக்குக் கட்டுப்பாடு இல்லாத நிலையும் இதயத்தைப் பாதிக்கிறது என்று காட்டினார். நிரந்தர வேலை உள்ள குமாஸ்தாவுக்கே அந்தக் கதி என்றால், பின்கட்டில் இருக்கும் குடும்பத்தைச் சொல்ல வேண்டுமா?

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பத்து வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. அப்பத்தாதான் மருந்து வாங்க வருவார். ஒருநாள் பேச்சுவாக்கில், "ராத்திரி அவன் அப்பன் பத்து மணிக்கு மேல வந்து அடிச்ச அடில இவனும் எந்திரிச்சு மூலையில உக்காந்திருந்தான்த்தா, விடியவரைக்கும்" என்றார். டாஸ்மாக் கடை சாத்துவது பத்து மணிக்கு. அந்தப் பையன் திரும்பப் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தான். பயந்திருக்கிறான் என்று திருநீறு போட்டு மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. அந்த வீட்டில் பையன் பயந்திருக்கிறான் என்று சரியாகக் கண்டுபிடித்தவர் அப்பத்தா ஒருவர்தான். ஸ்கேன் அதைக் காட்டவில்லை.

சின்ன வயதில் வாங்கிய அடி வளர்ந்த பிறகும் உடம்பில் நிற்கிறது என்பதைப் பெரிய அளவில் காட்டியது அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த ஆய்வு. வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றுபோவதைப் பார்த்து, ஏன் என்று விசாரித்தார். பலருக்குச் சிறுவயதில் கொடுமை நடந்திருந்தது. அப்புறம் அவரும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அடி, திட்டு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது, இப்படி. முதல் கட்டுரை 1998-இல் வந்தது. நாலு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பார்த்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம். இதய நோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோயும் படிப்படியாகக் கூடின. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்து ஆள்கள். அங்கேயே அப்படி. நம் ஒற்றை அறை வீடுகளில் இதோடு வாடகையும் கடனும் பசியும் சேர்கின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை வகைத் துன்பம் என்று எண்ணி வரும் எண்ணை வைத்து ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதினார். அந்தப் பையனுக்கு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்பிப் பேச ஒரு பெரியவர் கூட இருந்தால் பிள்ளைகள் நிறையத் தாங்குவார்கள். அவனுக்கு அப்பத்தா இருக்கிறார்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடியினரின் பகுதியில் நடந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஜேன் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளர் அங்கே 1,420 குழந்தைகளின் மனநலத்தை வருடா வருடம் பார்த்துவந்தார். இடையில், பழங்குடியினர் சூதாட்ட விடுதி ஒன்றைத் திறந்து, லாபத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் மூர்க்கம், அடங்காமை போன்ற தொல்லைகள் குறைந்து, எப்போதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கே வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சிகிச்சை எதுவும் கொடுத்து வந்த மாற்றம் இல்லை அது. வருமானம் வந்ததும் பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை, 2022-இல் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவை நான் சுகாதாரத் திட்டங்களாகவே பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அது வரும் நாள் தெரியும். சமையல் அக்காவின் ஆடி மாதத்தில் தேதி தெரிந்து வரும் ஒரே வருமானம் அதுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகப் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. என்னுடைய வியாபாரம் அதனால் கொஞ்சம் குறைந்திருக்கலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தத் தன்னார்வலர் வீட்டுக்குள் போகிறவர். யார் அழுதிருக்கிறார்கள், யார் கையில் காயம், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "மாத்திரை போட்டீங்களா?" என்பதோடு "தூங்குறீங்களா? வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்றும் கேட்க அவருக்குப் பயிற்சியும் நேரமும் சம்பளமும் தர வேண்டும். பதில் வந்தால் யாரிடம் அனுப்புவது என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து உறையின் பின்பக்கத்தில் நான் சில எண்களை எழுதித் தருகிறேன். 14416, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ், தமிழிலேயே பேசலாம், காசில்லை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. "மனநலம்" என்று சொல்லிக் கொடுத்தால் "எனக்கு ஒண்ணும் பைத்தியமில்ல" என்று உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "தூக்கம் வரலன்னா இந்த நம்பருக்குப் பேசுங்கக்கா" என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறார்கள். தவணை கட்டும் நாள் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்கிறேன், அதற்கு முதல் நாள் மாத்திரையை வாங்கிவிடச் சொல்வதற்காக.

இதைப் படிக்கிறவர்களில் நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்குள்ள ஆச்சிமாரும் செட்டியார்களும் இருப்பீர்கள். வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் எதுவும் சொல்வதற்கில்லை. நான் கேட்பது வேறு. அளக்க ஆள் அனுப்பும்போது பின்கட்டில் இருப்பவரிடம் முன்னாலேயே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், "இன்ஜினியர் வர்றாரு, ஒழுகுற இடத்தைப் பார்க்கத்தான்" என்று. விற்பது முடிவானால், எந்த மாதம் காலி பண்ண வேண்டியிருக்கும், போகும்போது என்ன தருவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். குறைந்தது ஆறு மாத அவகாசம். முடிவே ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், இந்த வருடம் ஒன்றும் நடக்காது என்று. நான் மேலே சொன்ன பெண்ணின் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை பங்குனியில். அதுவரையாவது இந்த வீட்டில்தான் இருப்போம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தால் போதும், மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்காது.